ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கில்ட்

ராத்கரன்,
தெற்குக் கில்கென்னி,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

சாம்பியா நாட்டில் ஆண்டவர் பணியில் இருக்கும் என் பெருமதிப்புக்குரிய அக்கா, அருட்சகோதரி ப்ரீடா அவர்களுக்கு, உங்கள் ஒரே தம்பி ஃபின்டன் எய்ல்வர்டு பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிலோமினாவும் நலம். மகள் நெஸ்ஸாவும் நலம்தான், ஆனால் நாளைக் காலை அவளுக்குக் கல்யாணம் என்பதால் யாரோடும் நிதானமாகப் பேசுகிற நிலையில் இல்லை. அங்கே உங்கள் இடுப்புவலி தேவலையா, மடத்துக் கோழிகள் ஒழுங்காக முட்டையிடுகின்றனவா என்று அறிய ஆவல். கல்யாணப் பெண்ணுக்கு நீங்கள் அனுப்பிய ஜெபமாலை பத்திரமாக வந்து சேர்ந்தது. வழக்கம்போல் அது முதலில் வாட்டர்ஃபோர்டு நகரத்துக்குப் போய், இரண்டு நாள் அங்கே தங்கி, பிறகு பாலம் தாண்டி இங்கே வந்தது. விசாரிப்புகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது, தபால் வண்டியோ நாலு மணிக்கே வந்துவிடும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாளை நான் நெஸ்ஸாவைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகும்போது கில்ட் என்கிற அந்த ஆண்கள் பாவாடையை உடுத்தமாட்டேன். கறுப்புக் கோட்டும் கால்சட்டையும்தான். இதில் மாற்றம் கிடையாது. போன மாதக் கடிதத்தில், கில்ட் உடுத்தித்தான் அழைத்துப் போவேன், இதில் மாற்றம் கிடையாது என்று எழுதியிருந்தேனே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டுமே அந்தந்த நேரத்தில் உண்மைதான் அக்கா. நடுவில் என்னென்ன நடந்தது என்று கேட்டால் நீங்களே என் பக்கம் பேசுவீர்கள்.

இந்தக் கில்ட் ஆசை எனக்கு எங்கே வந்தது என்றால், மார்ச் மாதம் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தில். வழக்கம்போல் அமெரிக்காவிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. ஆண்கள் எல்லோரும் கில்ட். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கட்டம்போட்ட கம்பளித் துணி இருக்கிறதாம், அவரவர் பூர்வீக மாவட்டத்துத் துணியில் தைத்து, முழங்கால் தெரிய, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். அதில் ஒரு பெரியவர், ஒஹாயோவில் ரப்பர் குழாய் வியாபாரமாம், கில்கென்னித் துணி உடுத்தியிருந்தார். கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தின தாத்தா இங்கிருந்து கப்பலேறியவராம். கண்ணில் தண்ணீர் நிற்கிறது மனிதருக்கு. என்னிடம், "நீங்க எந்த ஊரு?" என்றார். "கில்கென்னிதான்" என்றேன். என் மழைக்கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியா? பாத்தா தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா, முப்பத்தெட்டு வருஷம் இந்த மாவட்டத்துச் சாலையில் குழி அடைத்தவன் நான். என்னைப் பார்த்து, பாத்தா தெரியலையாம்! அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதலாம், ஆனால் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் இரண்டு தட்டு சாப்பிட்டேன், உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. வருத்தத்தோடு சாப்பிட்டேன்.

நம் நிலைமை உங்களுக்குத் தெரியாததா? ஷூர் ஆற்றுக்கு இந்தக் கரை கில்கென்னி, அந்தக் கரை வாட்டர்ஃபோர்டு. நாம் இந்தக் கரை. ஆனால் தபாலாபீஸ் அந்தக் கரையில் இருப்பதால், ராத்கரன் என்று எழுதி அடியில் வாட்டர்ஃபோர்டு என்று போட்டால்தான் நமக்குக் கடிதம் வருகிறது. மேலே நான் போட்டிருப்பது கௌரவத்துக்காக. உறைக்கு மேல் அதைப் போட்டால் உங்கள் பதில் இங்கே வந்துசேராது. இதை வைத்துக்கொண்டு உலகத்தில் பாதிப்பேர் நம்மை வாட்டர்ஃபோர்டுக்காரர்கள் என்றே நினைக்கிறார்கள். ஐம்பத்தொன்பதில் ஹர்லிங் மட்டைப்பந்து இறுதி ஆட்டத்தில் அவர்கள் நம்மை வென்றபோது, அப்பா ரேடியோப் பெட்டியை ஒரு வாரம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாரே, அப்படிப்பட்டவர் பிள்ளைக்கு இந்தக் கதி. இப்போது என் ஒரே மகள் அந்தக் கரைக்கே வாழப் போகிறாள். காரில் கால்மணி நேரம்தான். ஆனால் எனக்கு என்னவோ அவளும் ஒஹாயோவுக்குக் கப்பலேறுகிற மாதிரிதான் இருக்கிறது. போகிற பெண் எந்த ஊர்ப் பெண் என்பதை ஒரே ஒரு நாள், ஊரறிய, என் இடுப்பில் உடுத்திக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். அது தப்பா?

தப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிலோமினா கேட்டதும் ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அது ஸ்காட்லாந்துக்காரன் உடுத்தறதுங்க" என்றாள். நம் பட்டாளத்தில் குழல் ஊதுகிறவர்கள் காவி நிறத்தில் கில்ட் உடுத்துகிறார்களே என்றேன். "நீங்க என்னத்த ஊதப்போறீங்க?" என்றாள். நம் பங்குச்சாமி தினமும் கணுக்கால் வரை அங்கி போட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்றேன். "அவரு யாரையும் கட்டிக்கலையே, எவளும் கேள்வி கேக்கமாட்டா" என்றாள். நூலகத்துப் பெண்மணி அதற்கு மேல். நம் முன்னோர்கள் உடுத்தியது நீளமான காவிச் சட்டையாம், கில்ட் இல்லையாம்; நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் நம் மொழி, நம் ஆட்டம் என்று கிளம்பிய படித்தவர்கள்தான், இதுவும் நம் பழைய உடை என்று நம்பி எடுத்து உடுத்திக்கொண்டார்களாம். சரி அம்மா, நூறு வருஷம் போதாதா, நாம் மூன்று வேளையும் தின்கிற உருளைக்கிழங்குகூடக் கப்பலில் வந்ததுதானே என்றேன். "அதுவாவது பரவால்ல. இந்த மாவட்டத்துக் கட்டம் இருக்கே, அது தொண்ணூறுகள்ல வந்துது" என்று சிரித்தாள். பிலோமினா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுச் சலவை மெஷின் அதைவிட மூத்தது என்றாள். இருக்கட்டும் அக்கா. இடுப்பில் ஏறியபின் எத்தனை பழசு என்று துணிக்கே தெரியுமா? உடுத்துகிறவன் மனசு பழசாக இருந்தால் போதாதா?

நெஸ்ஸாதான் கடைசியாக வந்தாள். அவள் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "அப்பா, ஏற்கெனவே ரோனன் வீட்டுல உங்களை ஒரு மாதிரியா நினைக்கறாங்க. இதுல நீங்க கில்ட் வேற கட்டிக்கிட்டு வந்தீங்கன்னா, நான் உங்க கையைப் புடிக்கமாட்டேன். தனியாவே நடந்து போயிடுவேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் மனசுக்குள், உடுத்தி வந்து நின்றால் பிடிக்காமலா போவாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் கடைக்குப் போன் செய்தேன்.

ரோனன் வீட்டார் என்னை ஏன் ஒரு மாதிரியாக நினைக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை ரோனன் தங்கமான பையன், அவன்மேல் குறையில்லை, பிறந்த இடத்தைத் தவிர. அவன் அப்பா டெக்லன் ஹாலி, நகரத்தில் பேக்கரி வைத்திருப்பவர். வெள்ளை மாவு தூவிய அந்த மெத்தென்ற ரொட்டி, ப்ளா, நீங்கள் கன்னியர் மடத்துக்குப் போகிற அன்று காலையில்கூட இரண்டு தின்றுவிட்டுப் போனீர்களே, அது இவர் அப்பா சுட்டதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் நகரசபை, ஆற்றைத் தாண்டி நம் கரையையும் தன் எல்லைக்குள் சேர்க்கவேண்டும் என்று கிளம்பியது. ஓர் அங்குலமும் தரமாட்டோம் என்று நாங்கள் குழு அமைத்தோம், நான் செயலாளர். பொதுக்கூட்டத்தில் நகரத்துக்காரர்கள் சார்பில் இந்த ஹாலி எழுந்து, "அந்தக் கரையில என்ன இருக்கு? எங்க ஜனங்க காரு நிறுத்தற இடம்தானே அது?" என்றார். கூட்டம் சிரித்தது. அன்றோடு எங்கள் வீட்டில் ப்ளா வாங்குவதை நிறுத்தினேன். அவரும் வண்டியில் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஆற்றுப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிள்ளைகள் காதலித்து, நிச்சயம் செய்து, மண்டபம் பேசி, எல்லாம் ஆகிவிட்டது, நாங்கள் இரண்டுபேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ரொட்டி விஷயத்தில் பிலோமினா என்னை இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. பிலோமினா கடைக்குப் போயிருந்தாள். பிரித்தேன். நல்ல கனமான கம்பளி, பின்பக்கம் எண்ணமுடியாத மடிப்பு, முன்னால் தொங்கவிட ஒரு தோல்பை, முழங்கால்வரை காலுறை. உள்பக்கம் தைத்திருந்த சின்னச் சீட்டைப் பார்த்தேன். வாட்டர்ஃபோர்டு! நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. நாய் வாந்தியெடுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் துணி அழகாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். உடனே கடைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"முகவரியில வாட்டர்ஃபோர்டுன்னு இருக்கே சார், அதான் அந்தத் துணி அனுப்பியிருக்கோம்."

"அது தபாலுக்கும்மா. நான் கில்கென்னி."

"அப்ப ஏன் சார் வாட்டர்ஃபோர்டுல இருக்கீங்க?"

"நான் வாட்டர்ஃபோர்டுல இல்ல."

"பார்சல் கைக்கு வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சு."

"அப்ப முகவரி சரிதானே சார்?"

மாற்றித் தர மூன்று வாரம் ஆகும் என்றாள். கல்யாணமோ சனிக்கிழமை. திருப்பி அனுப்பிவிட்டுக் கறுப்புக் கோட்டைத் தூசி தட்டலாம் என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் அளவு சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் உடுத்திப் பார்க்காமல் எப்படித் திருப்பி அனுப்புவது? அளவு தெரிந்தால்தானே மாற்றுத்துணியை அந்த அளவில் கேட்கலாம். இது நியாயம்தான் என்று உங்களுக்கும் தோன்றும். உடுத்தினேன். அக்கா, கச்சிதம். இடுப்பைச் சுற்றி யாரோ அன்பாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் இப்படித் திரும்பி, அப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே பார்த்தால், பக்கத்து வீட்டு ஆடு மேய்க்கிற நாய் நம் வேலியடியில் நிற்கிறது, வாயில் நம் குழந்தை இயேசு.

கல்யாணத்துக்கு மழை வரக்கூடாது என்று பிலோமினா திங்கட்கிழமையே ப்ராக் குழந்தை இயேசு சுரூபத்தை வேலியடியில் வைத்துவிட்டாள். முந்தின நாள் வைத்தால் போதும், இவளுக்கு எதிலும் அவசரம். அம்மா நமக்கு விட்டுப்போன சுரூபம் அது, சிவப்பு அங்கி, தங்கக் கிரீடம். நாய் அங்கியைக் கவ்விக்கொண்டு ஓடப் பார்க்கிறது. நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்பதை மறந்து வெளியே பாய்ந்தேன். நாய் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, டக்கென்று ஒரு சத்தம். உடல் என் கையில். தலை கிரீடத்தோடு உருண்டு வாசல் தாண்டிச் சாலைக்குப் போனது. அதே நேரம் ஒரு ரொட்டி வண்டி க்ரீச்சென்று நின்றது. மண்டபத்துக்கு ரொட்டித் தட்டுகளைக் கொண்டுபோக எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். டெக்லன் ஹாலி இறங்கினார். குனிந்து குழந்தை இயேசுவின் தலையை எடுத்துத் தன் மேலங்கியில் துடைத்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கீழே பார்த்தார்.

அமெரிக்காவிலிருந்து அவர் அண்ணன் அனுப்பிய வாட்டர்ஃபோர்டுத் துணி ஒரு முழம், அவர் பேக்கரிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. இரண்டு கரையிலும் வேறு எவனுக்கும் எந்தக் கட்டம் எந்த ஊர் என்று தெரியாது. இவருக்கு மட்டும் தெரியும்.

"ஃபின்டன்..." என்றார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை. "எங்க துணியையா கட்டியிருக்கே? உன் பொண்ணு கல்யாணத்துக்கு? நீயா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அந்த ஆள் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. "சம்பந்தி!" என்று வந்து கட்டிக்கொண்டார். மாவு வாசனை. என் கையில் தலையில்லாத சுரூபம், அவர் கையில் தலை, இரண்டுபேரும் நடுச்சாலையில் கட்டிக்கொண்டு நிற்கிறோம், நாய் உட்கார்ந்து பார்க்கிறது. பிலோமினா கடையிலிருந்து திரும்பி வந்து பார்த்த காட்சி இதுதான். அவள் மளிகைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "தலை தானா உடைஞ்சுதா, யாராவது உடைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தானாக உடைந்தால் இன்னும் விசேஷம், மழை பக்கத்தில் வராது. நாய் உடைத்தது தானாக உடைந்ததில் சேருமா என்று நீங்கள்தான் அங்கே யாரையாவது கேட்டுச் சொல்லவேண்டும். ஹாலி வண்டியைத் திறந்து இரண்டு டஜன் ப்ளாவை அவள் மளிகைப் பையில் கொட்டினார். பிலோமினா அங்கேயே நின்று ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். அந்த நிமிஷமே இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் நெஸ்ஸா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! அவரு பேக்கரியில ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லி அழறாராம்ப்பா."

"நெஸ்ஸா, அது வந்து, கடைக்காரி..."

"ஒண்ணும் பேசாதீங்க. சனிக்கிழமை நீங்க அதைத்தான் கட்டிட்டு வரீங்க. வேற எதையாவது போட்டுட்டு வந்தீங்கன்னா நான் உங்க கையைப் புடிக்கமாட்டேன், தனியாவே போயிடுவேன், சொல்லிட்டேன்."

அதே வார்த்தை அக்கா! கட்டினால் கையைப் பிடிக்கமாட்டேன் என்றவள், இப்போது கட்டாவிட்டால் கையைப் பிடிக்கமாட்டேன் என்கிறாள். கில்ட் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது எல்லோரும் எதிர்ப்பு. இப்போது எல்லோரும் வேண்டும் என்கிறார்கள், நான் ஒருவன்தான் எதிர்ப்பு.

புதன்கிழமையிலிருந்து எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. பாலத்தில் போனால் வாட்டர்ஃபோர்டுக்காரர்கள் காரை நிறுத்திக் கைகுலுக்குகிறார்கள். இந்தக் கரையிலோ, எங்கள் குழுத் தலைவர் பாட்ஜ் ஃபாஸ்கின் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை. "பதினோரு வருஷம் ஓர் அங்குலம் விடாமக் காத்தோம். செயலாளரே இடுப்பளவு கொடுத்துட்டாரு" என்று பிலோமினாவிடம் சொன்னார், என்னிடம் இல்லை. பங்குச்சாமி டோனல், கல்யாண ஒத்திகைக்குப் போனபோது என்னைச் சக்கிறிஸ்துப் பக்கம், அவர் பூசை உடுப்பு மாற்றுகிற அறைக்கு, தனியாகக் கூப்பிட்டார். ஆத்துமா விஷயம் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "ஏம்ப்பா, உள்ளே என்ன போடுவே?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. என் பின்னாலேயே வந்துவிட்ட பிலோமினாதான் பதில் சொன்னாள்: "உள்ள அவருதான் சாமி இருப்பாரு, வேற யாரு?"

ஆகவே, நிதானமாக யோசித்து முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய், கோயில் வாசலில் டெக்லனிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். அவர் வருத்தப்படுவார். நெஸ்ஸா சொன்னபடி தனியாக நடந்தாலும் நடப்பாள். இருபத்தேழு வருஷமாக இந்த ஒரு நடைக்காகத்தான் காத்திருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும், ஒரு கடைக்காரியின் தவறுக்காக ஒரு மனிதன் அழுதிருக்கிறான், அந்தக் கண்ணீரை என் பெருந்தன்மை என்று வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வாட்டர்ஃபோர்டுக்காரனுடைய கண்ணீராக இருந்தாலும் கண்ணீர் கண்ணீர்தானே. ஹாலி ஒரு வாய்த்துடுக்கான ஆள், மண்ணாசை பிடித்தவர், காது வேறு பெரியது, இதெல்லாம் உண்மை. ஆனால் ஏமாற்றப்படவேண்டியவர் இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எனக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள், ஆண்டவர் தேதியைப் பார்க்கமாட்டார்.

மடத்துத் தாயாருக்கும் மற்ற சகோதரிகளுக்கும் எங்கள் எல்லோருடைய வணக்கங்கள். கோழிகளுக்கும் விசாரிப்பு. ஆண்டவரின் கருணையும் மாதாவின் அடைக்கலமும் உங்கள் இடுப்புக்கும் எங்கள் வானத்துக்கும் குறையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் பாசமுள்ள தம்பி,
ஃபின்டன்.

பின்குறிப்பு (ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு): இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை போகவில்லை. பிலோமினா படித்துப் பார்த்துவிட்டு, "இது இப்பப் போகவேணாம்" என்று ரொட்டி டப்பாவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நேற்று ஒரு சொட்டு மழை இல்லை. சொன்னபடியே கறுப்புக் கோட்டில் மாடியிலிருந்து இறங்கினேன். நெஸ்ஸா வெள்ளை உடுப்பில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், தானே கதவைத் திறந்து காரில் ஏறினாள். கோயில் வாசலில் கார் நின்றதும் பார்க்கிறேன், இரண்டு கரை ஜனமும் வட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறது, நடுவில் டெக்லன் ஹாலி. கில்ட்டில். கில்கென்னித் துணியில், அக்கா! நகரத்தில் எங்கேயோ வாடகைக்கு எடுத்திருக்கிறார், இடுப்பு போதாமல் ஊக்குப் போட்டு, பிசைந்து வைத்த மாவு மாதிரி இரண்டு முழங்காலும் வெளியே தெரிய. அவர் கடையில் தினமும் ரொட்டி வாங்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

என் கோட்டைப் பார்த்தார். "அடப்பாவி! என்னை இந்தக் கோலத்துல நிக்க வெச்சுட்டு, நீ சாவு வீட்டுக்குப் போற மாதிரி வந்திருக்கியே!" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். முகவரி, கடைக்காரி, நாய், எல்லாம். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்யா" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். ஆசையாக் கட்டியிருந்தா உன் முழங்கால் அப்படி நடுங்குமா? தப்பா வந்து மாட்டிக்கிட்டிருக்குன்னு பாத்ததுமே புரிஞ்சுபோச்சு."

"அப்ப எதுக்கு அழுதே?"

டெக்லன் ஊக்கைச் சரிசெய்துகொண்டார். "பதினோரு வருஷமா உன் வாசல் வழியா வண்டி ஓட்டறேன், ஃபின்டன். ஒவ்வொரு நாளும் அங்க வந்ததும் வேகத்தைக் குறைப்பேன். நிறுத்த ஒரு சாக்குக் கிடைக்கல" என்றார்.

பிலோமினா காரின் பின்கதவைத் திறந்தாள். கில்ட் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. பங்குச்சாமி டோனல் சக்கிறிஸ்துக்குள் தன் கையாலேயே எனக்கு வார் மாட்டிவிட்டார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது நெஸ்ஸா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுங்குதாப்பா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்கு நடுங்குது, கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். வாட்டர்ஃபோர்டுத் துணியில்தான் நடந்தேன். வாசலிலிருந்து பீடம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பாட்ஜ் ஃபாஸ்கின் கண்ணைத் துடைத்ததை இரண்டுபேர் பார்த்திருக்கிறார்கள், அவர் மறுக்கிறார்.

ஆகையால் மேலே ஹாலி குடும்பத்தைப் பற்றி எழுதியதையும், காதைப் பற்றிய வரியையும் நீங்கள் படிக்கவேண்டாம். மறுபடி எழுதப் பொறுமையில்லை, மடத்து அடுப்பில் போட்டுவிடுங்கள். டெக்லன் இப்போது எங்கள் அடுக்களையில்தான் உட்கார்ந்து, ப்ளாவுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். எல்லை விஷயத்தில் எந்தக் கரைக்காரர் பக்கம் நியாயம் என்று கடவுளுக்குப் பயந்து ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறார், நீங்கள் சொன்னால் அவர் கட்டுப்படுவாராம். கன்னியாஸ்திரி என்பதால் உங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அக்கா, அவருக்குத் தெரியாது, கன்னியாஸ்திரி ஆகும் முன்பே நீங்கள் என் அக்கா.